நரியும் நீல எழுத்தும்

என் மகள் ஹேரிமும் நானும் போட்ட சண்டைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் உலாவியைப் பற்றித்தான் இருக்கும். இணையப் பக்கங்களைத் திறக்க எந்த உலாவி நல்லது என்பதற்கான சண்டை. மற்ற வீடுகளில் வயசுப் பெண்ணோடு சண்டை என்றால், முடிக்குச் சாயம் அடித்தாள், எவனோடோ சினிமாவுக்குப் போனாள் என்று ஏதாவது இருக்கும். வெளியில் சொன்னால் நாலு பேருக்குப் புரியும். நாங்கள் கணினித் திரையின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும் ஒரு படத்துக்காக மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

நான் சலவைக் கடைக்காரன். சோங்ஜுவில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாகக் கடை. யாருடைய கோட்டு, எந்தத் தேதிக்குத் தர வேண்டும் என்று குறித்து வைக்க ஒரு கணினி வாங்கினேன். வாங்கும்போதே நீல எழுத்துப் படம் போட்ட உலாவி அதில் குடியிருந்தது. என் வங்கி, வரி அலுவலகம், மின்கட்டணம் எல்லாம் அதில்தான் திறக்கும், வேறு எதிலும் திறக்காது. கொரியாவில் அந்த 2009-ஆம் வருடம் பணம் கட்டும் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் நடைமுறை ஒன்றுதான். முதலில் ஒரு பாதுகாப்பு நிரலை ஏற்றச் சொல்லும். அது முடிந்ததும் இன்னொன்று, அதற்குப் பிறகு மூன்றாவது. நான் எல்லாவற்றுக்கும் 'சரி' அமுக்குவேன். இரண்டு வருட ராணுவ வேலையில் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது. கேட்டால் சரி சொல்லிவிடு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

ஹேரிம் அப்படி இல்லை. அவளுக்கு ஏன் என்று தெரிய வேண்டும். அவள் உலாவியில் நெருப்பு வாலோடு ஒரு நரி சுருண்டு படுத்திருக்கும். நீல எழுத்து வந்துவிடவே கூடாது என்று, தன் மடிக்கணினியில் இருந்த இயங்குதளத்தையே அடியோடு கழற்றி எறிந்துவிட்டு, பெங்குயின் பொம்மை போட்ட ஏதோ ஒன்றை ஏற்றி வைத்திருந்தாள். எங்கள் பேச்சில் நெருப்பு நரி என்றால் ஆளை மயக்குகிற தந்திரக்காரி என்று ஒரு ஏச்சு. அவள் மாமன் தோங்பில் அதை வைத்து அவளைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அவள் சிரிக்க மாட்டாள். என் கடைக் கணினியைப் பார்க்கும்போதுதான் சிரிப்பாள்.

"இது கம்ப்யூட்டர் இல்லப்பா, குப்பைத் தொட்டி. வழியில போறவன் எல்லாம் எதையாவது போட்டுட்டுப் போறான், நீங்களும் சரி சரின்னு வாங்கி வச்சுக்கறீங்க."

"குப்பைத் தொட்டியிலதான்டி என் கரண்ட் பில் கட்ட முடியுது. உன் நரியைக் கட்டச் சொல்லு பாப்போம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள், கடிதம் எழுதுவாள். வங்கிக்கு, ரயில் சீட்டு விற்கிற இடத்துக்கு, மாநகராட்சிக்கு. உங்கள் பக்கம் எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி திறக்க வேண்டும், ஒரு உலாவியை மட்டும் வைத்திருப்பவர்களுக்காகக் கட்டக் கூடாது என்று மரியாதையாக எழுதுவாள். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், பரிந்துரைக்கப்பட்ட உலாவியைப் பயன்படுத்தவும் என்று எல்லாரிடமிருந்தும் ஒரே பதில் வரும். எல்லாருக்கும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்ததைப் போல இருக்கும்.

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி பதில் வந்தது. அதில்தான் எங்கள் தலையெழுத்து மாறியது.

ஹேரிம் படிக்க ஆசைப்பட்டது கடலைப் பற்றி. எங்கள் மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. பிறந்ததிலிருந்து ஐந்தாறு தடவைதான் கடலைப் பார்த்திருப்பாள். அதில் ஒரு தடவை நாள் முழுக்க மழை, விடுதி ஜன்னலில் இருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் கடல் ஆய்வியல்தான் படிப்பேன், தெற்கே பூசானில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதற்கு நல்ல துறை இருக்கிறது என்று பதினைந்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நவம்பரில் நுழைவுத் தேர்வு முடிந்து மதிப்பெண் வந்தது. அந்தத் துறைக்குப் போதும் என்றும் சொல்லலாம், போதாது என்றும் சொல்லலாம். சரியாக வரம்பின் மேல் வந்து நின்றது.

ஒருவர் மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றை, கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று, எட்டாத இடத்துக்குப் போட்டோம். இன்னொன்றை என் நிம்மதிக்காக, உள்ளூரில் செவிலியர் படிப்புக்குப் போட்டோம், அது கட்டாயம் கிடைக்கும். இரண்டையும் முதல் நாளே கடைக் கணினியில் நானே சரி, சரி என்று அமுக்கி அனுப்பிவிட்டேன். மூன்றாவது பூசான். அதைத் தானே, தன் கணினியில், தன் நரியில் அனுப்புவேன் என்றாள். விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனத்துக்கு அக்டோபரிலேயே எழுதியிருந்தாளாம். இந்த டிசம்பர் முதல் எங்கள் விண்ணப்பப் பக்கம் நீங்கள் சொல்லும் உலாவியிலும் இயங்கும் என்று அவர்கள் பதில் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பதிலை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். சூப்புக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும்படி வைத்திருந்தாள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இத்தனை வருடமாக நான் சரி என்று மட்டும் சொன்ன ஒரு கூட்டத்திடமிருந்து இவள் சரி என்று பதில் வாங்கியிருக்கிறாள்.

கடைசி நாள் டிசம்பர் இருபத்து மூன்று. மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடும். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்தேன். பணம் கட்ட வங்கிச் சான்றிதழ் வேண்டும். அது ஒரு கோப்பு, ஆனால் நம் கையெழுத்து முத்திரைக்குச் சமம், அது இல்லாமல் வங்கி ஒரு காசைக்கூட நகர்த்தாது. அதை ஒரு பென் டிரைவில் போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருப்பேன். ஹேரிமுக்காகக் கடையிலிருந்து அதைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

காலை பத்து மணிக்குப் பார்த்தோம். கடல் ஆய்வியலுக்கு இருபத்தைந்து இடம், ஐந்து பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஹேரிம் அப்போதே அனுப்பிவிடலாம் என்று சுட்டியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்ற எண்ணிக்கை சில மணிக்கு ஒரு தடவை வெளியாகும். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள். கூட்டம் எங்கே போகிறது என்று நோட்டம் விட்டு, கூட்டம் போகாத இடத்தில் கடைசி நேரத்தில் நுழைவதுதான் சாமர்த்தியம் என்று பெயர். காலையிலேயே அனுப்புகிறவன் ஏமாளி. விண்ணப்பம் மூடுவதற்கு முந்தைய கடைசி எண்ணிக்கை மதியம் மூன்று மணிக்கு வரும். அதற்குப் பிறகு ஐந்து மணி வரை இருட்டு, யாருக்கும் எதுவும் தெரியாது.

என் மைத்துனன் தோங்பில் இதில் பெரிய கெட்டிக்காரன் என்று குடும்பத்தில் பேர். தண்ணீர் வடிகட்டி வாடகைக்கு விடுகிறவன். நுழைவுத் தேர்வில் இரண்டு வருடம் தோற்றவன், அதனாலேயே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று என் மனைவி நம்பினாள். நானும் நம்பினேன், வேறு யாரையும் எனக்குத் தெரியாது. காலையிலிருந்து தொலைபேசியில் அவன் குரல்தான் என் காதில் இருந்தது. மூன்று மணிக்கு எண்ணிக்கை வந்தது. இருபத்தைந்து இடத்துக்குப் பதினேழு பேர்.

நான் சந்தோஷப்பட்டு அவனிடம் சொன்னேன். அவன் 'த்சு த்சு' என்று உச்சுக் கொட்டினான்.

"அத்தான், காலியா இருக்கேன்னு பாக்காதீங்க. காலியா இருக்கற இடம்தான் பயங்கரம். எல்லாப் பயலும் இப்ப அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். அஞ்சடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப மொத்தமா வந்து விழுவான். நம்ம பொண்ணு நசுங்கிரும்."

தொலைபேசியை மகளுக்கும் கேட்கும்படி வைத்திருந்தேன். ஹேரிம் சொன்னாள்: "மாமா, எல்லாரும் இப்படியே நினைச்சா யாருமே வர மாட்டாங்களே."

"எல்லாருக்கும் உன் மாமன் மூளை இருக்குமா கழுதை?" என்று அவன் சிரித்தான்.

அதே பல்கலைக்கழகத்தில் மீன்வள வணிகம் என்று ஒரு துறை இருந்தது. அதில் ஒரு இடத்துக்கு மூன்று பேருக்கு மேல் போட்டி. ஏற்கனவே கூட்டம் இருப்பதால் புதிதாக யாரும் வர மாட்டார்கள், ஹேரிமின் மதிப்பெண்ணுக்கு அங்கே நிச்சயம் என்பது அவன் கணக்கு. எனக்கும் அது சரியாகப் பட்டது. மீனும் கடலில்தானே இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்று வரை மறக்க முடியவில்லை.

மூன்றிலிருந்து நாலரை வரை அதே பேச்சு. நான் ஒருமுறை கெஞ்சினேன், ஒருமுறை அதட்டினேன். ஆரஞ்சு உரித்துத் தட்டில் வைத்தேன், அவள் தொடவில்லை. கடைசியில் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அப்பா, தோத்தா நான் தோத்துட்டுப் போறேன். மீன் விக்கறதுக்கு ஜெயிக்க வேண்டாம்."

நாலு முப்பத்து இரண்டுக்கு நான் இறங்கி வந்தேன். சரி, உன் இஷ்டப்படி போடு என்றேன். தோங்பில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், தொலைபேசியை மூடினேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், ராத்திரி பன்றி இறைச்சி சுட்டுச் சாப்பிடலாம் என்று மனதுக்குள் நினைத்ததுகூட நினைவிருக்கிறது.

நரியில் விண்ணப்பப் பக்கம் பளிச்சென்று திறந்தது. பெயர், பள்ளி, புகைப்படம் எல்லாம் நிரப்பினாள், ஒவ்வொரு பக்கமும் சொன்னபடி கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு 'கட்டணம் செலுத்து' என்ற பொத்தானை அமுக்கினாள். ஒரு சின்னச் சன்னல் திறந்தது. அதில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. மூடிவிட்டு மறுபடி அமுக்கினாள், மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவை ஒரு வரி வந்தது. இந்தச் சேவையைப் பரிந்துரைக்கப்பட்ட உலாவியில் மட்டுமே பயன்படுத்த முடியும்.

பக்கத்தைத் திருத்தியது விண்ணப்பம் வாங்கும் நிறுவனம். பணம் வாங்குவது வேறொரு நிறுவனம். அவர்கள் எதையும் திருத்தவில்லை, அவர்களுக்கு இவள் கடிதமும் எழுதவில்லை. கடிதம் எழுத வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பணம் கட்டாத விண்ணப்பம், விண்ணப்பமே கிடையாது.

மணி நாலு முப்பத்தொன்பது. அவள் மடிக்கணினியில் நீல எழுத்தை ஏற்ற வழியே கிடையாது. கடைக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம். காலையிலிருந்து பனி கொட்டியிருந்தது, டாக்சி கிடைத்தாலும் இருபத்தைந்துக்குக் குறையாது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன், ஆள் இல்லை. எங்கள் குடியிருப்பின் நிலவறையில் ஒரு பி.சி. பாங் இருந்தது, மணிக்கு இவ்வளவு என்று கணினி வாடகைக்கு விடும் விளையாட்டுக் கூடம். அந்தப் படிகளில் நான் ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. ஹேரிம் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள்.

கூடத்தின் சொந்தக்காரி பியோ அம்மாள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே திரையில் சீட்டாடிக்கொண்டிருந்தாள். நாங்கள் கேட்பதற்குள் ஒரு கணினியைக் காட்டினாள். நீல எழுத்து இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஹேரிம் அதைத் தானே அமுக்கினாள். நிரப்பி வைத்திருந்த விண்ணப்பம் அப்படியே வந்தது. கட்டணம் என்று அமுக்கியதும் முதல் நிரலை ஏற்றச் சொன்னது. சரி. இரண்டாவது. சரி. மூன்றாவது. நானும் அவளோடு சேர்ந்து வாய்க்குள் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில், ஏற்றியது வேலை செய்யக் கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்றது. சரி.

அது அணைந்து எழுந்து வர மூன்று நிமிடம். வந்ததும் ஹேரிம் மளமளவென்று உள்ளே போனாள். கட்டணம் என்று அமுக்கினாள். முதல் நிரலை ஏற்றச் சொன்னது.

எனக்குப் புரியவில்லை. மறுபடி சரி அமுக்கு என்றேன். அவள் அமுக்கவில்லை. நாற்காலியில் திரும்பி, "அம்மா, இந்த மிஷின் அணைச்சா பழையபடி ஆயிருமா?" என்று பியோ அம்மாளைக் கேட்டாள்.

"ஆமா கண்ணு. நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம். இல்லாட்டி வர்றவன் எல்லாம் கண்டதையும் ஏத்திட்டுப் போயிருவானே. அணைச்சுப் போட்டா சுத்தமாயிரும்."

அவள் கெட்டவள் இல்லை. விஷயம் தெரிந்ததும் நூடுல்ஸை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். கணினியைப் பழையபடி ஆக்கும் அந்தப் பூட்டைத் திறக்க ஒரு கடவுச்சொல் இருக்கிறதாம், அது அவள் புருஷனுக்குத்தான் தெரியுமாம், அவன் வெந்நீர்க் குளியலுக்குப் போயிருக்கிறானாம். அவனைக் கூப்பிட்டாள். குளியலில் இருப்பவன் தொலைபேசியை எடுப்பானா? தன் பிள்ளைகள் பிறந்த தேதிகளைப் போட்டுப் பார்த்தாள், கல்யாண நாளைப் போட்டாள். "என் பொறந்தநாளையும் போட்டுப் பாத்துட்டேன், அதுவும் இல்ல, பாவி" என்றாள். சாதாரண நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். மணி நாலு ஐம்பத்து மூன்று.

அப்போதுதான் எனக்குக் கடையின் நினைவு வந்தது. என் குப்பைத் தொட்டி. அதில் எல்லா நிரலும் ஏற்கனவே ஏறியிருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டு, போனை ஹேரிமிடம் கொடுத்தேன். என் மனைவி பத்தொன்பது வருடமாக ஆயிரக்கணக்கான சட்டைக் கழுத்தை மடிப்பில்லாமல் தேய்த்தவள். அந்தக் கணினியில் வாடிக்கையாளர் பெயரைத் தவிர எதையும் தட்டியதில்லை. ஹேரிம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவள் அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். பெரிய எழுத்து எப்படி வரும் என்று கேட்டாள். ஹேரிம் பொறுமையாகச் சொன்னாள். இவ்வளவு பொறுமை அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நீராவிப் பெட்டி சீறுவது போனில் எனக்குக் கேட்டது. நாலு ஐம்பத்தேழு.

"வந்துருச்சுடா. நீ சொன்னது எல்லாம் வந்துருச்சு. பணம் கட்டற இடத்துக்கு வந்துட்டேன். இப்ப உங்கப்பா சான்றிதழ் எங்கன்னு கேக்குது."

ஹேரிம் என் கையைப் பார்த்தாள். நானும் என் கையைப் பார்த்தேன். காலையிலிருந்து பத்திரமாக வைத்திருந்த சாவிக்கொத்து, அதில் அந்தப் பென் டிரைவ். மகளுக்கு உதவி செய்வதாக நினைத்து நான் கடையிலிருந்து எடுத்து வந்தது. மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள், இப்போ என்ன செய்யணும், எதை அமுக்கணும், சொல்லுங்களேன் என்று.  மூன்று நிமிடத்தில் செய்யக்கூடியது என்று உலகத்தில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கூடத்தின் மறுகோடியில் யாரோ விளையாட்டில் ஜெயித்து மேசையைத் தட்டினார்கள். அந்த மூன்று நிமிடமும் நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரக்கூடத் தோன்றவில்லை.

பிறகு என் மனைவியின் குரல் வந்தது. "ஏதோ பெட்டி மாதிரி வந்துச்சு, சரின்னு அமுக்கிட்டேன். எல்லாம் மறைஞ்சு போச்சு. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் அமுக்கின. மணி அஞ்சாயிருச்சு" என்றாள் ஹேரிம்.

வீட்டுக்கு வந்து, விண்ணப்பம் வாங்கும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போட்டேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பணம் கட்டாவிட்டால் விண்ணப்பம் செல்லாது என்றாள். பரிந்துரைக்கப்பட்ட உலாவி எது என்று அறிவிப்பின் கடைசியில் போட்டிருக்கிறோம் என்றாள். ஹேரிம் போய்ப் பார்த்தாள், சாம்பல் நிறத்தில் எறும்பு அளவில் போட்டிருந்தது. நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அவர்கள் கடிதத்தை எடுத்து வரிக்கு வரி படித்துக் காட்டிக் கத்தினேன். கடையில் எந்த வாடிக்கையாளரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அந்தப் பெண் கெஞ்சுகிற குரலில், "ஐயா, நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. என்கிட்ட எந்தப் பட்டனும் இல்லைங்க" என்றாள். ஹேரிமைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். வெட்கமாகிவிட்டது. சரி என்று சொல்லி வைத்தேன்.

ஏழு மணிக்கு மனைவி வந்தாள். கோட்டைக் கழற்றாமல் சமையலறைக்குப் போய் அரிசி கழுவ ஆரம்பித்தாள். தோங்பில் நாலு தடவை கூப்பிட்டிருந்தான், நான் எடுக்கவில்லை. செவிலியர் படிப்பும் நல்ல படிப்புதான், வேலை நிச்சயம் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் ஆசை நடக்கப்போகிறது, எனக்கு அழுகை வந்தது.

எட்டு மணிக்கு இறுதி எண்ணிக்கை வெளியாகும் என்று எனக்குத் தெரியும். அவள் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோங்பில் சொன்ன மாதிரி ஐந்நூறு பேர் வந்து விழுந்திருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். நசுங்கியிருப்பாள், எப்படியும் கிடைத்திருக்காது என்று ஆகிவிட்டால் போதும், அதைச் சொல்லியே எல்லாரும் தூங்கிவிடலாம். அவள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் போய் நின்றேன்.

அந்தப் பக்கம் அவளுடைய நரியில் ஒரு பிசிறும் இல்லாமல் திறந்தது. ஒரு நிரலும் கேட்கவில்லை. துறைகளின் பெயர் வரிசையாக இருந்தது. மீன்வள வணிகத்தில் ஒரு இடத்துக்குப் பதினொரு பேர். அதற்கு இரண்டு வரி மேலே கடல் ஆய்வியல். இருபத்தைந்து இடம். விண்ணப்பித்தவர்கள் இருபத்து நான்கு பேர்.

இருபத்து நான்கு பேருக்கும் கிடைக்கும். மதிப்பெண் என்னவாக இருந்தாலும் கிடைக்கும். ஒரு இடம் ஆளில்லாமல் கிடக்கிறது. நான் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது.

ஹேரிம் அழவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்க கடை கம்ப்யூட்டர்லயே பண்ணியிருக்கணும்பா. என் பிடிவாதத்தால போச்சு."

அவள் அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. உலாவி என்ன செய்தது? காலை பத்து மணிக்கே அந்த வெள்ளைச் சன்னல் வந்திருந்தால், பேருந்து பிடித்து, நடந்துகூடக் கடைக்குப் போயிருக்கலாம். ஏழு மணி நேரம் இருந்தது. இருபத்தைந்தாவது ஆளாக அவள் உட்கார்ந்திருப்பாள். அந்த ஏழு மணி நேரத்தைத் தின்றது நரியும் இல்லை, நீல எழுத்தும் இல்லை.

"நீ என்ன செஞ்ச? காலையில உன் கையைப் புடிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்பா" என்றாள்.

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறையிலிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். ஹேரிம் மடிக்கணினியை மூடிவிட்டு, என்னைத் தாண்டிப் போய் மேசையில் மூன்று பேருக்கும் கரண்டி எடுத்து வைத்தாள்.